அரைப்படியும் அறுநூறு சி.சி.யும்

எங்கள் கடைத்தெருவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. பெண்டாட்டி குடிக்கிற தண்ணீரையும் அளந்து ஊற்றினவன் என்று. அப்படிப் பேசியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை, மீதிப் பேருக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. அந்தப் பேச்சில் பொய் ஒன்றும் கிடையாது. அளந்துதான் ஊற்றினேன். அவள் சிரித்தபோதும் அளந்தேன், அழுதபோதும் அளந்தேன். ஏன் அளந்தாய் என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்காதவர்களுக்கு இப்போது பதில் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றால், ஒன்றும் ஆகப்போவதில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டி ரயிலடியிலிருந்து கடைத்தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் எனக்கு எண்ணெய்க்கடை இருந்தது. இன்றைக்குத் தொழிற்பேட்டை என்று புகைபோக்கிகள் நிற்கிற இடமெல்லாம் அப்போது வேர்க்கடலைக் கொல்லை. நல்லெண்ணெய், கடலையெண்ணெய், விளக்கெண்ணெய், வாசலில் தனியாக மண்ணெண்ணெய். விடிந்தால் அடைந்தால் எனக்கு அளக்கிற வேலைதான். படி, அரைப்படி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் பெரிசிலிருந்து சிறிசு வரைக்கும் ஆணியில் தொங்கும். எட்டு ஆழாக்கு ஒரு படி, நாலு ஆழாக்கு அரைப்படி. முதல் அளவை ஊற்றும்போது ‘ஒன்று’ என்று சொல்லக் கூடாது, ‘லாபம்’ என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் இரண்டு, மூன்று. அளந்து முடித்த பிறகு நாலு சொட்டுக் கொசுறு விட வேண்டும். கொசுறு விடாதவனுக்கு அளக்கவே தெரியாது என்று பொம்பளைகள் முகத்துக்கு நேரே சொல்வார்கள்.

இதையெல்லாம் சொல்வதால் பழைய அளவைகளை நினைத்து நான் உருகுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். படி என்ன பெரிய யோக்கியமா? அடியில் மெழுகை ஒட்டி வைத்து அளந்தவனைப் பார்த்திருக்கிறேன். விளிம்பைத் தட்டி உள்ளே மடக்கினவனையும் பார்த்திருக்கிறேன். ஊருக்கு ஊர் படி மாறும். ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவுக்குள் போனால் அளவும் வேறு, பேரும் வேறு. சரக்கு எடுக்கப் போகும்போது ‘எந்த ஊர்ப் படி?’ என்று கேட்காமல் நான் வாயைத் திறந்து விலை பேசியதில்லை. எண்ணெய்க்குத்தான் அந்தக் கேள்வி. தண்ணீருக்கும் கேட்க வேண்டி வரும் என்று எந்தப் பாவி நினைப்பான்?

என் மனைவி என் அக்காவின் மகள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். ஆக, அக்காவே எனக்கு மாமியார். மனைவி என்னைவிடப் பத்து வயது சின்னவள், கல்யாணமான பிறகும் ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவாள். வாய் ஓயாது. தண்ணீர் குடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வெயிலில் போய்விட்டு வந்தால் செம்பைத் தூக்கி அண்ணாந்து ஒரே மூச்சில் முடித்துவிட்டு, ‘ஹா’ என்று சத்தம் போடுவாள். அந்தச் சத்தம் கடை வரைக்கும் கேட்கும். வீட்டையும் கடையையும் ஒரு தட்டிதான் பிரித்தது.

அந்த வருஷம், நயா பைசா வந்து ஜனங்கள் இன்னும் அணாவிலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சமயம், அவள் முகம் காலையில் உப்ப ஆரம்பித்தது. அக்கா வந்து பார்த்துவிட்டுப் பெருமைப்பட்டாள்.

“புருஷன் ஊட்ல நல்லா துன்னுகினு பூசினாப்ல இருக்கா என் பொண்ணு. கண்ணு படப்போவுது.”

பிறகு கால் வீங்கியது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் பள்ளம் விழுந்து, அப்படியே நிற்கும். கொலுசு இறுகிப் போய்த் தட்டானை வரவழைத்துக் கழற்றினோம். நாட்டு மருந்து, வேப்பிலை, மந்திரிப்பு எல்லாம் ஆயிற்று. வீக்கம் வயிற்றுக்கு வந்ததும் பயந்துபோய், அக்காவையும் அழைத்துக்கொண்டு அவளைப் பொன்னேரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பொன்னேரியில் ஒரு டாக்டர் புதிதாக வந்து வீட்டோடு ஆஸ்பத்திரி வைத்திருந்தார். தெற்கத்திக்காரர், திருநெல்வேலிப் பக்கம். சின்ன வயது, முகம் சுளிக்காத மனுஷர். அவளை ரொம்ப நேரம் பார்த்தார். அவள் ஒன்றுக்குப் போனதை ஒரு சீசாவில் பிடித்து, சூடு பண்ணிப் பார்த்தார். அது முட்டை வெள்ளைபோலத் திரிந்தது. மூத்திரம் பிரிக்கிற குண்டிக்காய் இரண்டும் வேலை செய்யவில்லை என்றார். குடிக்கிற தண்ணீர் வெளியே போகாமல் உடம்பிலேயே தங்குகிறது. இதற்குச் சரியான மருந்து கிடையாது, உப்பையும் தண்ணீரையும் கட்டுப்படுத்தினால் சில பேருக்குத் தானாகத் திரும்பிவரும்.

“திரும்புமா?” என்று கேட்டேன்.

“திரும்பியிருக்கு. பாத்திருக்கேன். ஆனா தண்ணி கூடிட்டுன்னா வீக்கம் நெஞ்சுக்கு ஏறிரும். ஒரு நாளைக்கு அறுநூறு சி.சி.க்கு மேல ஒரு பொட்டுக் கூடக் கூடாது.”

நாங்கள் மூன்று பேரும் விழித்தோம். சி.சி. என்றால் ஊசியில் ஏற்றுகிற அளவு என்று அரைகுறையாகத் தெரியும். அறுநூறு என்ற எண்ணைக் கேட்டதும் அக்கா, அது ஏதோ அண்டா நிறையத் தண்ணீர் என்று நினைத்து நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். டாக்டர் அதைப் பார்த்தார். இவர்களுக்கு இது புரியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள்மேல் இரக்கப்பட்டார். இன்றைக்கும் நான் அப்படித்தான் நம்புகிறேன், இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

“நம்ம அளவுல அரைப்படின்னு வச்சுக்கிடுங்க. குடிதண்ணி, காப்பி, மோரு, கஞ்சி எல்லாம் சேத்து அரைப்படி. அதுக்கு மேல கூடாது, பாத்துக்கிடுங்க.”

அரைப்படி! அது எனக்குத் தெரிந்த சாமான். கடையில் முத்திரை போட்ட அரைப்படி ஆணியில் தொங்குகிறது. பிடிமானம் கிடைத்த மாதிரி இருந்தது. இதைச் சரியாகச் செய்ய ஊரிலேயே என்னைவிடப் பொருத்தமான ஆள் உண்டா என்று ரயிலில் வரும்போது நினைத்தேன்.

எண்ணெய் படாத புதுப் பித்தளை அரைப்படியும் ஆழாக்கும் வாங்கி, புளி போட்டுத் தேய்த்து வைத்தேன். காலையில் அரைப்படி தண்ணீரைக் கூஜாவில் எடுத்து வைத்துவிடுவேன். அதுதான் அன்றைக்கு. அதிலிருந்துதான் கஞ்சி, அதிலிருந்துதான் மாத்திரைக்கு ஒரு மடக்கு. மிச்சத்தை ஆழாக்கால் அளந்து கொடுப்பேன். முதல் நாள் ஊற்றும்போது பழக்கதோஷத்தில் என் வாய் ‘லாபம்’ என்றது. அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

“யாருக்கு மாமா லாபம்? எனக்கா, உனுக்கா?”

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் கை நாலு சொட்டுக் கொசுறும் விட்டது.

நல்ல வெயில் காலம் அது. தாகம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடக்கிவைத்த தாகத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தது. பேசுவது குறைந்துவிட்டது அவளுக்கு, நாக்கு ஒட்டிக்கொள்ளும். நனைத்த துணியை உதட்டில் வைத்துக்கொள்வாள். அதையும் சப்பிவிடுவாளோ என்று நான் பிழிந்து கொடுப்பேன். பக்கத்து வீட்டுக் கிணற்று ராட்டினம் கிறீச்சிடும்போதெல்லாம் கண் அந்தப் பக்கம் போகும். வேறு யாரும் அவள் எதிரில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொல்லி வைத்தேன். நானும் கடைக்குப் போய்த்தான் குடித்தேன், அதுவும் செம்பு தரையில் படும் சத்தம் கேட்காமல். சோறு உப்பில்லாத சோறு. ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்று அக்கா முணுமுணுத்துக்கொண்டே ஊட்டுவாள். மகள் நாலு வாய்க்குமேல் வாங்க மாட்டாள்.

பார்க்க வருகிறவர்களின் தொல்லை வேறு. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக் கூடாதாம். எல்லார் கையிலும் இளநீர். “குளிர்ச்சிப்பா, சூட்ல வந்த வீக்கம், இளநி குட்தா இறங்கிடும்” என்று ஆளுக்கொரு வைத்தியம். வேண்டாம் என்று சொன்னால், ஒரு வாய் தண்ணீர் கொடுக்க மறுக்கிறானே என்று முகம் கோணிப் போகும். நான் கோபக்காரன், எப்போதும் அப்படித்தான். என் பெரியப்பா பெண்டாட்டி முந்தானையில் மறைத்து எடுத்துவந்த இளநீரைப் பிடுங்கித் தெருவில் வீசினேன். அது உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது. அன்றைக்குத்தான் அந்தப் பேச்சு பிறந்திருக்க வேண்டும்.

“எண்ணெய் அள்க்கிற புத்தி எங்க போவும்? பொண்டாட்டிக்குத் தண்ணியும் அளந்துதான் ஊத்துறான். பச்சத்தண்ணிக்கு இன்னா கேடு, ஏரி வத்திப்போச்சா?”

தட்டிக்கு இந்தப் பக்கம் அவளுக்கும் அது கேட்டது. “நீ ஏன் மாமா அதுங்க கிட்ட மல்லுக்கு நிக்கிற? போவட்டும் வுடு” என்றாள். என்னைச் சமாதானப்படுத்த அவளுக்கு அத்தனை வார்த்தை செலவானது.

இவ்வளவு பண்ணியும் வீக்கம் குறையவில்லை. குறையாவிட்டாலும் பரவாயில்லை, ஏறிக்கொண்டே வந்தது. கண் இமை மூடிக்கொண்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணைகளை அடுக்கி உட்கார வைத்தோம். மறுபடி பொன்னேரிக்குப் போனோம். டாக்டர் அவள் முதுகை அழுத்திப் பார்த்துவிட்டு, முதல் முறையாக என்னிடம் குரலை உயர்த்தினார்.

“நீங்க சொன்னபடி கேக்கல. தண்ணி அதிகம் போயிருக்கு. யாரோ குடுக்காங்க.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “யாரைப் பாத்து சொல்ற டாக்டரு? என் கையால அளந்து ஊத்துறேன். ஊரே என்னைக் காறித் துப்புது. அரைப்படிக்கு மேல ஒரு சொட்டு போனா என் கையை வெட்டிக்கிறேன்” என்று ஆஸ்பத்திரி அதிரக் கத்தினேன். வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தார். பிறகு, “அந்த அரைப்படியைக் கொண்டாங்க” என்றார்.

மறுநாள் காலை வண்டியில் துணிப்பையில் அரைப்படியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். அவளைக் கூட்டிப்போகவில்லை, அக்கா பார்த்துக்கொண்டாள். டாக்டர் நர்சை அழைத்தார். நர்சம்மா அரைப்படியில் விளிம்பு தட்டத் தண்ணீர் எடுத்தார். ஒரு நீளமான கண்ணாடிக் குழாய், மேலேயிருந்து கீழே வரை கோடு கோடாகப் போட்டது, ஐந்நூறு சி.சி. பிடிக்கும், அதை மேஜைமேல் வைத்தார். அதில் ஊற்றினார். குழாய் நிறைந்துவிட்டது. அரைப்படியில் இன்னும் தண்ணீர் இருந்தது. நிறைந்ததைக் கொட்டிவிட்டு மிச்சத்தை ஊற்றினார். நூற்றைத் தொட்டது. ஐந்நூறோடு சேர்த்து அறுநூறு. நூற்றுக்கு மேலே போகாதே, போகாதே என்று நான் கண்ணாலேயே அந்தத் தண்ணீரைப் பிடித்து இழுத்தேன். இருநூறு தாண்டியது. முந்நூறும் தாண்டி நின்றது.

எண்ணூற்றுக்கு மேல்! கொசுறு தனி.

டாக்டர் அரைப்படியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார்.

“இது பெருசா இருக்கே. எங்க ஊர்ல படி இவ்வளவு வராது” என்றார். பிறகு, “எங்க வீட்ல இருக்கிற படியை நெனச்சுல்லா சொன்னேன்” என்றார். அரைப்படியை மேஜைமேல் வைத்துவிட்டார்.

நான் அதைத் துணிப்பையில் சுருட்டி வைத்தேன். அவரை அடித்திருக்க வேண்டும் என்று அக்கா பிற்பாடு சொன்னாள். எதற்கு அடிப்பது? அவருக்குப் படி என்றால் அவர் அம்மா அரிசி அளந்த படி. எனக்குப் படி என்றால் என் ஆணியில் தொங்கின படி. சி.சி. என்ற அந்நியச் சொல்லை எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்தார். புரிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அவரவர் ஊர்ப் படி அவரவருக்கு அவ்வளவு நிச்சயம். எண்ணெய் வாங்கும்போது தவறாமல் கேட்கிற கேள்வியை அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. திட்டுவதற்கு ஆள் கிடைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

டாக்டர் இன்னொரு கண்ணாடிக் குழாயைத் தேடி எடுத்துக் கொடுத்தார். இருநூறு சி.சி. பிடிக்கிற சின்னது. இனிமேல் படியே வேண்டாம், இதுதான் அளவு. கணக்கும் மாறியது. அவளுக்கு முதல் நாள் வெளியே போன நீரை ஒரு பாட்டிலில் சேர்த்து அளக்க வேண்டும். அது எவ்வளவோ அதோடு நானூறு கூட்டி, அவ்வளவுதான் மறுநாளைக்குத் தண்ணீர்.

வண்டியில் திரும்பும்போது அந்தக் குழாய் உடைந்துவிடாமல் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குப் போய் அவளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் என் கவலை. ஏற்கெனவே வறண்டு கிடக்கிறவளிடம், இத்தனை நாளாக உனக்குக் கொடுத்த தண்ணீர் அதிகம், இனிமேல் இன்னும் குறைவு என்று எந்த வாயால் சொல்வது? கடைசியில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

“அப்ப அந்த டாக்டரு படி சின்னது, நம்ம படி பெர்சு. அதானே?”

“ஆமாம்மே.”

“கஷ்டப்பட்டு நாக்க அடக்கினு இருந்தது எல்லாம் வேஸ்ட்டா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. கண்ணீர்கூடச் சரியாக வரவில்லை.

அடுத்த நாளிலிருந்து குழாயால் அளந்தேன். ஆழாக்கில் ஊற்றும்போது தண்ணீர் விளிம்பில் கொஞ்சம் உப்பி நிற்கும், கை நடுங்கினால் கூடும் குறையும், ஊற்றுகிறவன் மனசு அதில் கலந்திருக்கும். இதில் அதெல்லாம் கிடையாது. கோட்டுக்குக் கண்ணை நேராக வைத்துப் பார்க்க வேண்டும். கோட்டில் நின்றால் நின்றது. கொசுறு விடுகிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளப் பழகினேன். இதே குழாயால்தான் பாட்டிலில் பிடித்ததையும் அளக்க வேண்டும். அதற்குத் தனியாக ஒன்று வாங்கி வரும்வரை கொதிநீரில் கழுவிக் கழுவி அளந்தேன். அக்கா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். மூத்திரத்தை அளக்கிற மாப்பிள்ளையை எந்த மாமியார் பார்த்திருப்பாள்?

முதலில் கொஞ்சம் நல்லது நடந்தது. இமை திறந்தது. தலையணை ஒன்று குறைந்தது. அவளுக்கே ஒரு வீறாப்பு வந்துவிட்டது. குழாயைத் தன் கண்ணெதிரில் வைத்து ஊற்றச் சொல்வாள். கோட்டைத் தாண்டினால் அவளே பிடித்துக்கொள்வாள். “அப்பிடி வுடு, இன்னும் ஒரு சொட்டு எடு, ஆங், இப்ப சரி” என்பாள். அந்தக் கோடுதான் அவளைக் காப்பாற்றப் போகிறது என்று நம்பினாள். நான் அதைவிட அதிகமாக நம்பினேன். காலையில் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போது கும்பிட்டுக்கொள்வேன். இருநூறு இருந்தால் அன்றைக்கு அவளுக்கு அறுநூறு. ஒரு நாள் இருநூற்றைம்பது வந்தது. கடையில் வந்தவர்களுக்கெல்லாம் அன்றைக்குத் தாராளமாகக் கொசுறு விட்டேன்.

ஆனால் அது நிற்கவில்லை. இருநூறு நூற்றைம்பதானது. நூற்றைம்பது நூறானது. வெளியே போவது குறைந்தால் உள்ளே போவதையும் குறைக்க வேண்டும், அதுதான் கணக்கு. அவள் உடம்பு ஒரு பக்கம் கதவைச் சாத்திக்கொண்டு வந்தது, நான் இன்னொரு பக்கம் சாத்திக்கொண்டு வந்தேன்.

ஆடி பிறந்ததும் அக்கா பெரியபாளையத்துக்குப் போய் வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு அம்மனைச் சுற்றிவந்தாள். திரும்பி வரும்போது ஒரு சோடா பாட்டில் நிறையத் தீர்த்தம். அதை நேராக மகள் வாயருகே கொண்டுபோனாள். நான் குறுக்கே விழுந்து பிடித்தேன்.

“வுட்றா! இது ஆத்தா தண்ணி. தீர்த்தத்துக்கு ஏதுடா அளவு?”

“உள்ள போனா எல்லாம் தண்ணிதான்கா. இன்னிக்கு அவுளுக்கு இருக்கிறது ஐந்நூறு. இதுல எத்தினி குடுக்குறியோ அத்தினி அதுல கழிக்கணும்.”

“அம்மனையே அளக்கறியா? நீ உருப்படுவியாடா நைனா?” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் என்னைத் தூக்கி வளர்த்தவள், பெண்ணையும் கொடுத்தவள். அவள் அழ அழ, அம்மன் தீர்த்தத்தைக் குழாயில் ஊற்றி, ஐம்பது என்கிற கோட்டில் நிறுத்தி, என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். பாக்கித் தீர்த்தம் மாடத்தில் அப்படியே இருந்தது. அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

கடைத்தெருவில் அப்போது வேறொரு கூத்து. படி, ஆழாக்கு எல்லாவற்றையும் சர்க்கார் எடுத்துவிடப் போகிறதாம், எடை எல்லாம் கிலோவாம், எண்ணெயும் பாலும் லிட்டரில்தான் அளக்கணுமாம் என்று சேதி வந்திருந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் சிரியாய்ச் சிரித்தார்கள். “ஒரே பேஜாரா போச்சுப்பா. நயா பைசாவே இன்னும் வாயில நுழையல, அதுக்குள்ள லிட்டராம், மில்லியாம். ஆழாக்கு எண்ணெய்ன்னு கேக்குற பொம்பள கிட்ட நான் இன்னாத்த சொல்றது?” என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஒரு சி.சி.தான் அந்த மில்லி என்று எனக்குத் தெரிந்திருந்தது. நம் ஆழாக்கில் அது இருநூற்றுக்குக் கொஞ்சம் தூக்கல் என்பதும் தெரியும். சர்க்காரே கொண்டுவருவதற்கு முன்னால் அது என் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, பழகியும் விட்டது. நாடு பூராவும் ஒரே அளவு என்கிற ஏற்பாடு ஒரு வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்றால், அதுவும் தெரியாது. டாக்டரிடம் கேட்டேன். அவரும் தெரியாது என்றார். அந்தப் பதிலுக்காக அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. அந்தப் பதிலோடுதான் இத்தனை வருஷமும் குடித்தனம் நடத்துகிறேன்.

வண்டியேற்றிக் கூட்டிப்போக முடியாத நிலை வந்த பிறகு டாக்டரே ரயிலேறி வந்து பார்த்துவிட்டுப் போவார். காசு வாங்க மாட்டார். வந்ததும் முதலில் என்னைத்தான் கேட்பார், நேற்று எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு என்று. ஒரு நாள் பகலில் வந்தபோது கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். காதில் மாட்டுகிற குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். அவள் அவரைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். பாட்டிலில் காலையிலிருந்து ஒரு சொட்டும் சேரவில்லை என்று நானாகவே சொன்னேன். தலையாட்டினார். எழுந்து வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“இனிமே அளக்க வேண்டாம்யா. கேக்கிற அளவு தண்ணி குடுங்க. அந்தப் புள்ள என்ன கேட்டாலும் குடுங்க.”

என் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

கதவுக்குப் பின்னால் நின்ற அக்காவுக்கு அது காதில் விழுந்துவிட்டது. பேசாமல் இருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “கேட்டியாடா? தண்ணி குடுக்கலாம்னுட்டாரு! ஆத்தா கண்ண தொறந்துட்டா!” என்று சொல்லிக்கொண்டே குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடினாள். அவளுக்கு நான் விளக்கிச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் புரிந்தது போதும் என்று இருந்தது. அளக்கிற வரைக்கும்தான் சாமானுக்கு விலை என்று நாற்பது வயது வரை வியாபாரம் பண்ணினவனுக்கு அது புரியாதா?

குளிர்ந்த தண்ணீரைச் செம்பு நிறைய எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். செம்பை உதட்டில் வைத்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. கண்ணைத் திறந்து செம்பைப் பார்த்தாள்.

“அளந்தியா மாமா?”

“டாக்டரு அளக்க வேணாம்னுட்டாரும்மே. எத்தினி வோணுமோ குடி.”

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு, உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை அந்தப் பக்கம் திருப்பினாள்.

“அவுரு சொல்வாரு. மொதல்லயும் அரைப்படின்னு சொன்னாரு. இத்தினி நாளு கட்டுப்பாடா இருந்துட்டு இப்ப கெட்த்துக்கவா? நீ அளந்து குடு மாமா.”

“குடிம்மே” என்றேன். செம்பை மறுபடி உதட்டில் வைத்தேன். “என் கண்ணு இல்ல, சொம்மா குடிம்மே.”

“அளந்து குடு.”

மாடத்திலிருந்து கண்ணாடிக் குழாயை எடுத்தேன். அவள் கண்ணெதிரில் பிடித்துக்கொண்டு செம்பிலிருந்து ஊற்றினேன். அவளுக்குப் பார்வை எவ்வளவு தெரிந்ததோ தெரியாது, ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தாள். நூறு என்கிற கோட்டில் நிறுத்தப் பார்த்தேன். கை நிற்கவில்லை.

“ஒரு கோடு ஏறிப்போச்சு பாரு” என்றாள்.

ஏறித்தான் இருந்தது. குழாயைச் சாய்த்து, கோட்டுக்கு மேலே இருந்ததைத் தரையில் ஊற்றினேன். திரும்பவும் கண்ணெதிரில் பிடித்துக் காட்டினேன். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.